மேசைமேல வச்சாச்சு, பொறவு?

ஏலே பேராண்டி, இங்கன உக்காரு. அந்தப் போனக் கொஞ்சம் கமுத்தி வையி. லண்டன்ல ஒரு தொர, சிகாகோவுல ஒரு தொர, ரெண்டு பேருக்கும் நடுவுல மெட்ராஸ் கம்பெனில நீயி. லண்டன்காரன் ‘இந்தச் சங்கதிய வெள்ளிக்கெழம டேபிள் பண்ணுவோம்’னு எழுதுனான். நீ ராவெல்லாம் முழிச்சுத் தயார் பண்ணிக் கொண்டுபோனே, மெச்சிக்கிட்டான். சிகாகோக்காரனும் அதே வார்த்தையத்தான் எழுதுனான். அதுக்கும் ராவெல்லாம் முழிச்சுக் கொண்டுபோனே. ‘அதத்தான் ஒதுக்கி வச்சாச்சே, எதுக்குத் தூக்கிட்டு வாரே’ன்னு அவன் சள்ளுனு விழுந்துட்டான். இப்பம் வந்து, ‘தாத்தா, நான் படிச்ச இங்கிலீசு தப்பா’ன்னு கேக்கே.

ஒன் இங்கிலீசுல தப்பே இல்லலே. அதுக்காவ ஒங்கப்பன் வித்த வயல நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. ரெண்டு தொரையும் சரியாத்தான் பேசிருக்கான். ‘டேபிள் பண்ணுவோம்’னா லண்டன்ல ‘எடுத்துக்கோ, பேசலாம்’னு அர்த்தம். சிகாகோவுல ‘கெடக்கட்டும், பேச வேண்டாம்’னு அர்த்தம். வார்த்த ஒண்ணு, அர்த்தம் ஒண்ணுக்கொண்ணு நேர்மாறு. இதுல நீ திருதிருன்னு முழிச்சதுல ஒரு கொறவும் இல்ல. ஒன்னவிடப் பெரிய ஆளுக எல்லாம் முழிச்சிருக்காக. சொல்லுதேன் கேளு.

பட்டிக்காட்டுக் கெழவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னுதான பாக்கே? நான் தாலுகா ஆபீஸ்ல டவாலி போட்டு மேச தொடச்சவம்லே. மேசைக்கு முன்னால நிக்கவனுக்கு அவன் மனு மட்டுந்தான் தெரியும். பின்னால உக்காந்திருக்கவனுக்கு அவன் கையெழுத்து மட்டுந்தான் தெரியும். தொடைக்கவனுக்குத்தான் மேல கெடக்கதும் தெரியும், அடியில போறதும் தெரியும். எடைக்குப் போட ஒதுக்கி வச்சிருந்த பழைய பொஸ்தகங்கள எடுத்து, தொர வாரது வரைக்கும் படிச்சிக்கிட்டே கெடந்தேன். மணி அடிக்காத நேரத்துல டவாலிக்கு வேற என்ன சோலி?

மொதல்ல மேசையப் பாரு. டேபிள்ங்கது லத்தீன்ல ‘டாபுலா’. பலகைன்னு அர்த்தம். உக்காந்து திங்குத பலகயும் அதுதான், எழுதுத பலகயும் அதுதான். ரோமாபுரில கி.மு. 450 வாக்குல சட்டத்தப் பன்னெண்டு பலகையில எழுதி ஊரு பாக்க வச்சாங்க. நீ சின்னப் புள்ளையில கத்திக் கத்தி ஒப்பிச்ச வாய்ப்பாட்டுக்கும் இங்கிலீசுல டேபிள்னுதான பேரு? மேசையில வைக்கதும் எழுதி வைக்கதும் ஆதியில ஒரே பலகையில பொறந்த சோலிதான்.

அந்தக் காலத்து இங்கிலீசுக்காரன் சாப்பாட்டுப் பலகைக்கு ‘போர்டு’ன்னு பேரு வச்சிருந்தான். ரெண்டு கட்டக்கால நிறுத்தி மேல பலகையப் போடுவான், தின்னு முடிச்சதும் கழத்திச் செவுத்துல சாத்திருவான். அந்தப் பலகதாம்லே ‘போர்டிங்’ல சோறு போடுது. அதே பலகதான் ‘போர்டு மீட்டிங்’ல உக்காந்து ஒனக்குச் சம்பளத்தக் கூட்டலாமா, வேண்டாமான்னு ரோசன பண்ணுது. சீட்டாடுதவன் ரெண்டு கையையும் பலகைக்கு மேல காட்டுனா ‘அபோவ் போர்டு’. அதாவது யோக்கியன். ஒரு கை கீழ எறங்கிட்டுன்னா என்னங்கத அப்பறம் சொல்லுதேன்.

மேசைக்கு அடுத்தாப்புல அது மேல விரிச்ச துணியப் பாரு. 12ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து ராசாவோட கஜானாவுக்குப் பொறுப்பா இருந்த ரிச்சர்டு பிட்ஸ்நைஜல்ங்கவர், ராசா கணக்குப் பாத்த மேசைய அளந்து எழுதி வச்சிருக்காரு. பத்தடி நீளம், அஞ்சடி அகலம், காசு உருண்டு விழாம இருக்கச் சுத்திலும் நாலு வெரக்கட வெளிம்பு. மேல கோடு போட்ட கறுப்புத் துணி. ஈஸ்டர் சமயத்துல ஒருக்க, மைக்கேல்மஸ் சமயத்துல ஒருக்க, ஜில்லா ஜில்லாவா ஷெரிப்புமாரு வந்து, வசூல் பண்ணுன வரிக்குக் கட்டத்துல வில்லைய நவுத்திக் கணக்குக் காட்டணும். சதுரங்கப் பலகயாட்டம் கட்டம் இருந்ததால அதுக்கு ‘எக்ஸ்செக்கர்’னு பேரு. பேரு துணியோட நிக்கல பாத்துக்க. இன்னைக்கும் இங்கிலாந்து நிதி மந்திரிக்கு ‘சான்சலர் ஆப் த எக்ஸ்செக்கர்’னுதான் பட்டம். மந்திரிக்கு மேச விரிப்பு பேருலே!

பிரெஞ்சுக்காரன் மட்டும் சும்மாவா இருந்தான்? எழுதுத மேசைமேல விரிச்ச மொரட்டுத் துணியிலேர்ந்துதான் ‘பியூரோ’ங்கத வார்த்த வந்துச்சு. துணி பேரு மேசைக்கு ஏறுச்சு. மேச பேரு அது கெடந்த ரூமுக்கு ஏறுச்சு. ரூமு பேரு ஆபீசுக்கு ஏறுச்சு. கடைசில ஆபீசர்மாரு கூட்டத்துக்கே ‘பியூராக்ரசி’ன்னு பேரு வந்துட்டு. ஒரு முழத் துணி எம்புட்டுப் பெரிய அரசாங்கத்த நெஞ்சிருக்கு பாரு.

கார்ப்பெட் கதைதான் இன்னும் ருசி. அதுவும் மொதல்ல தரையில கெடக்கல, மேசைமேலதான் கெடந்துச்சு. அதனால 18ஆம் நூற்றாண்டுல ‘ஆன் த கார்ப்பெட்’னா, பெரிய மனுசங்க கூடி ஆலோசன பண்ணுத சங்கதின்னு அர்த்தம். பொறவு துணி மெல்ல எறங்கித் தரைக்கு வந்துச்சு. எசமான் ரூமுல மட்டும் விரிப்பு உண்டு. வேலைக்காரனக் கூப்புட்டா அந்த விரிப்புல வந்து நின்னு ஏச்சு வாங்கணும். இப்பம் ‘ஆன் த கார்ப்பெட்’னா ஏச்சு வாங்குதவம்னு அர்த்தம். துணி மேல கெடக்கது வரைக்கும் ஆலோசன, கீழ எறங்கிட்டுன்னா அர்ச்சன. பேசுதவனுக்குத் தெரியாமலே வார்த்த எறங்கிப் போச்சு.

இப்பம் நம்ம மேசைக்கு வாரேன். லண்டன் பார்லிமெண்டுல சபாநாயகர் நாற்காலிக்கு முன்னால ஒரு மேச உண்டு. அவரு நாற்காலில இருந்தா சபையோட தண்டாயுதம் அந்த மேசைமேல கெடக்கும். சபையே கமிட்டியா உக்காந்தா, அத எடுத்து மேசைக்குக் கீழ இருக்க தாங்கில வச்சிருவாக. மேல இருந்தா ஒரு சபை, கீழ இருந்தா வேற சபை. 1653ல பட்டாளத்தோட உள்ள வந்த கிராம்வெல்லு, ‘இந்த வெளாட்டுச் சாமானத் தூக்குங்கடா’ங்கத மாரிச் சொல்லி அத எடுத்துட்டுப் போகச் சொன்னாரு. சபையக் கலைக்கணும்னா மொதல்ல மேசைமேல இருக்கத எடுக்கணும்னு அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு.

சனங்க குடுக்க மனு, அரசாங்கத்தோட அறிக்க எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். மனு வந்தா, வாசிச்சு, ‘இது மேசைமேல கெடக்கட்டும்’னு ஒரு உத்தரவு போடுவாக. இந்த உத்தரவத்தான் பேராண்டி நல்லாக் கவனிக்கணும். மனு குடுத்தவன், ‘ஆகா, எம் மனு பார்லிமெண்டு மேசைக்குப் போயிட்டு’ன்னு ஊருக்குப் போயிப் பெருமையாச் சொல்லுவான். உள்ள இருக்கவன், ‘வாங்கிக்கிட்டாச்சு, இனி நமக்கு அதுல சோலி இல்ல’ன்னு அடுத்த வேலையப் பாப்பான். ரெண்டு பேரும் பொய் சொல்லல. ‘வச்சிட்டுப் போங்க, பாக்கேன்’னு எங்க ஆபீஸ்ல சொன்னப்பம் கும்புட்டுட்டுப் போன சம்சாரிமாரு மொகம் எனக்கு இப்பமும் ஞாபகம் இருக்கு. மறுநா காலையில அந்த மனுவ எடுத்து ஓரமா அடுக்கிட்டு மேசையத் தொடச்சவன் நாந்தான்.

1842 மே மாசம் சாசன இயக்கத்துக்காரங்க ஒரு மனு கொண்டுவந்தாங்க. ஆம்பளைங்க எல்லாருக்கும் ஓட்டு வேணும், ரகசியமா ஓட்டுப் போடணும், வருசா வருசம் பார்லிமெண்டு தேர்தல் நடக்கணும்னு கேட்டாங்க. 33 லட்சத்துக்கு மேல கையெழுத்து. ஊர்வலமா தூக்கிக்கிட்டு வந்தா மனு வாசல்ல நொழையல! பிரிச்சுப் பிரிச்சு உள்ள கொண்டுபோயிக் குமிச்சாங்க. தரையில பரப்புனது மேசை ஒசரத்தையும் தாண்டி நின்னுதுன்னு சபைக் குறிப்புலயே பதிஞ்சிருக்கு. மேசைமேல வைக்க வந்த மனு மேசையவிட ஒசந்துட்டு. ஆனா என்ன? மனுதாரங்கள உள்ள கூப்புட்டு ஒரு வார்த்த கேப்போம்னு கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவு 49, எதிர்ப்பு 287. மேசையவிட ஒசந்தாலும் மேசையச் சுத்தி உக்காந்திருக்கவன் கைய ஒசத்தணும்லா?

ஆக, லண்டன் மேசையில ரெண்டு அர்த்தமும் அப்பமே படுத்துக் கெடந்துச்சு. எல்லாரும் பாக்கும்படியா வைக்கது ஒரு அர்த்தம். யாரு கையிலயும் இல்லாம விடுதது இன்னொரு அர்த்தம். லண்டன்காரன் முந்தினதப் பிடிச்சுக்கிட்டான். கப்பல் ஏறிப் போன வெள்ளக்காரன் பிந்தினதப் பிடிச்சுக்கிட்டான்.

அமெரிக்காவுலயும் ஆரம்பத்துல கெட்ட எண்ணம் கெடையாது. தாமஸ் ஜெபர்சன் செனட்டுக்குத் தலைமை தாங்குத காலத்துல ஒரு நடைமுறைப் பொஸ்தகம் எழுதுனாரு, 1801ல அச்சாச்சு. இப்பம் வேற அவசரச் சோலி இருக்கா, இத மேசைமேல போட்டு வையி, வேணுங்கப்பம் எடுத்துக்கலாம்னுதான் அதுல இருக்கு. நியாயமான பேச்சு. ஆனா ஒரு சங்கதி பாத்துக்க. ‘மேசைமேல போடுவோம்’னு ஒருத்தன் எந்திரிச்சுட்டாம்னா, அதுமேல விவாதம் பண்ணக்கூடாது. உடனே ஓட்டு. பாதிக்கு ஒண்ணு கூட இருந்தாப் போதும். எடுக்கதுக்கும் அதே கூட்டந்தான் கை தூக்கணும். போட்ட கையி எடுக்குமா? விவாதம் இல்லாமக் கழுத்தத் திருக ஒரு வழி கெடச்சிட்டுன்னு அரசியல்வாதி கண்டுக்கிட்டான். அத ஒதுக்கி வைக்கதுன்னா சொல்லுவே? பொதைக்கதுன்னு சொல்லு.

அந்தப் பொதகுழி எம்புட்டு ஆழம்னு 1836ல தெரிஞ்சுது. அடிமத்தனத்த ஒழிக்கணும்னு வடக்குச் சீமையிலேர்ந்து மனு மனுவா வருது. பொம்பளைங்க வீடு வீடாப் போயிக் கையெழுத்து வாங்கி அனுப்புதாங்க. தெக்குச் சீமை அடிமைக்கார மொதலாளிகளுக்கு அதக் கேக்கவே பிடிக்கல. மே 26ஆந் தேதி பிரதிநிதிகள் சபையில 117க்கு 68ன்னு ஒரு தீர்மானம் போட்டாங்க. அடிமத்தனத்தப் பத்தி எந்த மனு வந்தாலும் அச்சடிக்கக்கூடாது, கமிட்டிக்கு அனுப்பக்கூடாது, வந்த கையோட மேசைமேல போட்டுரணும், அதுக்கு மேல ஒரு நடவடிக்கையும் கெடையாது. சரித்திரத்துல இதுக்கு ‘வாய்ப்பூட்டு விதி’ன்னு பேரு. பூட்டு வாயில, சாவி மேசையில!

அந்தச் சபையில ஜான் குவின்சி ஆடம்ஸ்னு ஒரு கெழவர். 1825லேர்ந்து 1829 வரைக்கும் நாட்டுக்கே ஜனாதிபதியா இருந்தவர். பதவி போனதும் சும்மா ஈசிச்சேர்ல சாயாம, சாதாரண உறுப்பினரா வந்து உக்காந்தவரு. எனக்குப் பிடிச்ச ஆளு. கெழட்டுக் குசும்பு எம்புட்டுப் பெரிய ஆயுதம்னு காட்டுன மனுசன். 1837 பிப்ரவரில ஒரு நா எந்திரிச்சு, ரொம்பப் பவ்வியமா, ‘சபாநாயகர் அவர்களே, எங் கையில ஒரு காயிதம் இருக்கு. அடிமைங்கன்னு சொல்லிக்கிட்டு 22 பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க. இது அந்த விதிக்குள்ள வருமா, வராதா’ன்னு கேட்டாரு. சபை பத்தி எரிஞ்சுது. அடிமைக்கு மனுப் போட உரிம ஏது, இந்தக் கெழவரக் கண்டிக்கணும், வெளிய அனுப்பணும்னு நாக்கணக்காக் கூச்சல். எல்லாரையும் நல்லாக் கத்த வுட்டுட்டு, பொறவு மெதுவாச் சொன்னாரு, ‘அந்த மனுவுல என்ன கேட்டிருக்குன்னு நான் சொல்லவே இல்லையே. அடிமத்தனத்த ஒழிக்க வேண்டாம்னுல்லா கேட்டிருக்கு’ன்னு. கத்துனவன் மொகத்த எங்க கொண்டுபோயி வச்சிருப்பாம்னு நெனச்சுப் பாரு. படிக்காமலே மேசைமேல போடுதவனுக்கு அதுதான் தண்டன.

அப்பவும் அடங்குனானா? 1840ல இன்னும் ஒரு படி மேல போயி, அந்த மனுவ வாங்கவே மாட்டோம்னுட்டான். மேசைகூடக் கெடையாது, வாசலோட சரி. கெழவரும் விடல. கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் மனுவ நீட்டிக்கிட்டே இருந்தாரு. கடைசில 1844 டிசம்பர்ல, 108க்கு 80ன்னு அந்த விதி ஒழிஞ்சுது. எட்டரை வருசம் ஒரு கெழவர் ஒரு மேசையோட மல்லுக்கட்டி ஜெயிச்சிருக்காரு. மூணு வருசம் கழிச்சு அந்தச் சபையிலயே, தன் இடத்துலயே சரிஞ்சு விழுந்து, அந்தக் கட்டடத்துக்குள்ளயே உசுர விட்டாரு.

பொறவு 1876ல ஹென்றி ராபர்ட்டுன்னு ஒரு ராணுவ எஞ்சினீயர் கூட்டம் நடத்துத முறைய ஒரு பொஸ்தகமாப் போட்டாரு. அமெரிக்காவுல சர்ச்சு கமிட்டிலேர்ந்து சங்கம் வரைக்கும் அதான் வேதம். மேசைமேல போடுததுன்னா கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கது, கொல்லணும்னா அதுக்கு வேற தீர்மானம் இருக்குன்னு அந்தப் பொஸ்தகம் படிச்சுப் படிச்சுச் சொல்லுது. யாரு கேக்கா? ஒரு தடவ பொதகுழின்னு பேரு வாங்குன எடத்துல பொறவு எவனும் வீடு கெட்ட மாட்டான்.

ஒன்ன மாரி முழிச்ச பெரிய மனுசங்க கத வேணும்லா? 1941 டிசம்பர். பேர்ல் ஹார்பர்ல குண்டு விழுந்து ரெண்டு வாரந்தான். சர்ச்சில் தன் தளபதிங்களக் கூட்டிக்கிட்டுக் கப்பலேறி வாஷிங்டனுக்குப் போறாரு. யுத்தத்த எப்பிடி நடத்துததுன்னு ரெண்டு நாட்டுப் பெரிய தலைங்களும் உக்காந்து பேசுதாங்க. பிரிட்டிஷ்காரங்க ஒரு குறிப்பு தயார் பண்ணி, ‘இது ரொம்ப அவசரம், டேபிள் பண்ணணும்’னாங்க. ‘ரொம்ப முக்கியமான சங்கதியாச்சே, டேபிள் பண்ணவே கூடாது’ன்னு அமெரிக்கங்க மல்லுக்கு நின்னாங்க. நேரம் போகுது, குரல் ஒசருது, மொகம் செவக்குது. கடைசிலதான் தெரியுது, ரெண்டு பேரும் கேக்கது ஒண்ணுதான், இப்பமே பேசணும்! சர்ச்சிலே தன் யுத்த சரித்திரத்துல இதச் சொல்லிச் சிரிச்சிருக்காரு. பீரங்கி வச்சிருக்கவனே ஒரு வார்த்தைல வழுக்கி விழுந்திருக்காம், நீ லேப்டாப்பு வச்சிருக்கவன், ஒனக்கென்ன வெக்கம்?

இதுல ஒரு வேடிக்க கேளு. அந்த வருசம் மே 10 ராத்திரி ஜெர்மன் விமானம் குண்டு போட்டதுல லண்டன் பார்லிமெண்டோட மக்கள் சபை மண்டபமே எரிஞ்சு போச்சு. வாஷிங்டன்ல ‘டேபிள், டேபிள்’னு சண்ட போட்டப்பம் சொந்த ஊர்ல மேசையே சாம்பலு! 1950ல மண்டபத்தத் திரும்பக் கெட்டுனப்பம் ஆளுக்கொரு சாமான் சீர் செஞ்சாங்க. மேச கனடா குடுத்தது. சபாநாயகர் நாற்காலி ஆஸ்திரேலியா குடுத்தது. நம்ம இந்தியாவும் பாகிஸ்தானும் கதவு குடுத்தோம். பிரிஞ்ச சூட்டுல இருந்த ரெண்டு பங்காளியும் சேந்து வெள்ளக்காரன் வீட்டுக்குக் கதவு போட்டிருக்கோம், அந்தக் கூத்த எங்க போயிச் சொல்ல?

நம்ம நாட்டுக்கு வா. நாம லண்டன் மேசைய அப்பிடியே வாங்கிப் போட்டுக்கிட்டோம். அறிக்க எல்லாம் ‘அவையின் மேசையில் வைக்கப்பட்டது’ன்னுதான் பேப்பர்ல வருது. ஆனா நம்ம மேசைக்கு மூணாவது அர்த்தம் ஒண்ணு இருக்கு. அது ஒன் ரெண்டு தொரைக்கும் தெரியாது. பார்லிமெண்டு ஒரு சட்டம் போடும். அதுக்குக் கீழ நுணுக்கமான விதிய எல்லாம் அரசாங்கமே எழுதிக்கிடும். எழுதுன விதிய ரெண்டு அவையிலயும், கூட்டம் நடக்க நாளாப் பாத்து, மொத்தம் 30 நா மேசையில வைக்கணும்னு சட்டத்துலயே ஒரு பிரிவு இருக்கும். மாத்தணும், ரத்து பண்ணணும்னு அதுக்குள்ள ரெண்டு அவையும் சொன்னா உண்டு. ஒருத்தரும் வாயத் தெறக்கலன்னா? விதி அப்பிடியே நிக்கும். ஒன்னையும் என்னையும் கட்டுப்படுத்தும். அமெரிக்கா மேசையில சும்மா கெடந்தா சாவு. நம்ம மேசையில சும்மா கெடந்தா ஆயுசு நூறு. ரெண்டு எடத்துலயும் சோலி பாக்கது ஒருத்தந்தான், பேசாம இருக்கவன்.

மேசையில வைக்க வேண்டியத வைக்காம இழுத்தடிக்காங்கன்னு, அதக் கண்காணிக்கவே மக்களவையில 1975ல ஒரு குழு போட்டாங்க. மேசைக்குக் காவல்! கணக்குத் தணிக்கை அறிக்கையப் பாத்திருப்பே. அரசாங்கம் எங்கெங்க காச விட்டுச்சுன்னு பிட்டுப் பிட்டு வைக்க அறிக்க. பல தடவ அது கூட்டத்தொடர் முடியுத கடைசி நாள்லதான் மேசைக்கு வருது. மேசைமேல வச்சாச்சா? வச்சாச்சு. பேச நேரம் இருக்கா? இல்ல. எல்லாரும் பொட்டியக் கெட்டிட்டாக. வைக்காமலும் இல்ல, வச்சும் இல்ல. இந்த வித்தைய எந்த வெள்ளக்காரனும் நமக்குச் சொல்லித் தரல, நாமளாக் கத்துக்கிட்டது.

காயிதத்தோட நிக்கல அந்த மேச. 2005ல அமெரிக்க ஜனாதிபதி புஷ்ஷு ஈரானப் பாத்து, ‘எல்லா வழியும் ஆன் த டேபிள்’னாரு. பொறவு வந்த ஜனாதிபதிகளுக்கும் அதே பாட்டு. உள்நாட்டுல மேசைமேல போட்டா செத்துட்டுன்னு அர்த்தம். வெளிநாட்டானப் பாத்துச் சொன்னா, ‘ஒன்னச் சாகடிப்பேன்’னு அர்த்தம். குண்டுன்னு சொல்ல மாட்டாரு, வழின்னுதான் சொல்லுவாரு. மேசை விரிப்பு நல்லாத்தான் மறைக்கி.

மேசையச் சுத்தி யாரு உக்காரணுங்கதுக்கே யுத்தம் காத்துக் கெடந்த கதயும் உண்டு. வியட்நாம் சண்டைய நிறுத்தப் பாரிஸ்ல பேசக் கூடுனவங்க, மேச வட்டமா, சதுரமா, ரெண்டா, நாலான்னு ரெண்டு மாசத்துக்கு மேல வழக்காடுனாங்க. எதுத்தாப்புல உக்காந்தா எதிராளிய ஒரு அரசாங்கம்னு ஒத்துக்கிட்ட மாரி ஆயிருமாம். 1969 ஜனவரிலதான் ஒரு பெரிய வட்ட மேச, ரெண்டு பக்கமும் குமாஸ்தாக்களுக்கு ஒவ்வொரு சின்ன மேசன்னு முடிவாச்சு. அதுக்குள்ள அங்க எத்தன உசுரு போச்சோ. மேசையச் சுத்தி எடம் கெடைக்காதவன் மேசைமேல இருக்க பதார்த்தப் பட்டியல்ல கெடப்பாம்னு அமெரிக்காவுல ஒரு சொலவட சொல்லுதாங்க. அந்த 22 பேரு மனுவ நெனச்சுக்க.

அப்பறம் சொல்லுதேன்னு ஒண்ண விட்டு வச்சேம்லா, அடியில போற கை. ‘அண்டர் த டேபிள்’னா குடிச்சுச் சரிஞ்சு விழுந்தவனும் உண்டு, லஞ்சம் வாங்குதவனும் உண்டு. ரெண்டு பேருக்கும் நெதானம் தப்பிருச்சுங்கத தவிர வேற ஒத்துமை கெடையாது. ஆனா இதுல மட்டும் லண்டன்காரனுக்கும் சிகாகோக்காரனுக்கும் நமக்கும் அர்த்தத்துல ஒரு சண்டையும் இல்ல. கவனிச்சியா? மேல வைக்கதுக்குத்தான் ஊருக்கொரு அர்த்தம். கீழ குடுக்கதுக்கு ஒலகம் பூரா ஒரே அர்த்தம். ஏம்னா கீழ வாங்குத கைக்கு, அடுத்து என்ன செய்யணும்னு நல்லாத் தெரியும். மேல கெடக்க காயிதத்துக்குத்தான் கை யாருதுன்னு தெரியல.

அவ்வளவுதாம்லே சூச்சுமம். வார்த்தைக்குள்ள அர்த்தத்தத் தேடாத, கையத் தேடு. ‘டேபிள் பண்ணுவோம்’னு எந்தத் தொர சொன்னாலும் மனசுக்குள்ள மூணு கேள்வி போட்டுக்க. அந்த மேச யாருது? அடுத்து அத எடுக்க வேண்டியது யாரு கை, எந்த நாள்ல? ஒருத்தரும் எடுக்காமப் போனா அது சாகுமா, இல்ல தானாச் சட்டமாயிருமா? மூணுக்கும் பதில் தெரிஞ்சிட்டுன்னா நீ அகராதியப் பொரட்ட வேண்டாம். தெரியலன்னா அகராதியால ஒனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. இதையே நேருக்கு நேரு கேட்டுராத, தொரைக்கு மூக்குல வேர்த்துரும். ‘எந்தத் தேதியில, யாரு பேச ஆரம்பிக்கப் போறாக’ன்னு பவ்வியமா ஒரு வரி எழுதிக் கேளு. பேச நெனச்சவன் தேதி குடுப்பான். பொதைக்க நெனச்சவன் ‘பாக்கலாம்’னு எழுதுவான். ரெண்டு நாட்டு இங்கிலீசும் அந்த ஒரு வரில பிரிஞ்சிரும்.

பணம் காசு பேசுதப்பம் மட்டும் ரொம்பச் சூதானமா இரு. கேக்க வேண்டியதக் கேக்காம எந்திரிச்சு வாரதுக்கும் ‘மேசைமேல காச வுட்டுட்டு வாரது’ன்னு அவங்க பாஷையில பேரு இருக்கு. நம்ம குடும்பத்துல எல்லாரும் அதுல பரம்பர வித்துவாங்க, ஒங்கப்பனக் கேட்டாத் தெரியும். அதனால வார சித்திரைக்கு ஒரு தொர, ‘தம்பி, ஒன் சம்பள உசர்வ டேபிள் பண்ணியாச்சு’ன்னு சொன்னாம்னா, உடனே பல்ல இளிச்சுக் கும்புட்டுராத. ‘எந்த ஊரு இங்கிலீசுல சொல்லுதீக தொர’ன்னு கேளு. சிரிச்சுக்கிட்டே தேதி சொன்னாம்னா அந்தக் கம்பெனிலயே இரு. சிரிக்க மட்டும் செஞ்சு தேதி சொல்லலன்னா, பேராண்டி, நீ வேற மேச பாத்துக்க.